வரவில்லை

புதுக் கோயிலின் இரும்புக் கதவு பூட்டியே கிடந்தது. வெளியே வண்டி நின்றது. வண்டிக்குள், வெள்ளைத் துணி போர்த்திய பெட்டியில், கொத்தனார் இருந்தார். மதிலோரம் மிச்சமாகிக் கிடந்த செங்கல் அடுக்கின்மேல் அவருடைய மனைவி உட்கார்ந்திருந்தாள். அழுது அழுது கண்ணில் ஈரம் வற்றியிருந்தது. அவளுக்கு இனி வேண்டியது ஒன்றுதான். போதகர் வந்து ஜெபம் பண்ண வேண்டும். பிறந்த நாற்பதாம் நாளில் போய்ச் சேர்ந்த மகளுக்குப் பக்கத்தில், சபைக் கல்லறையில், அவரையும் படுக்க வைக்க வேண்டும்.

நேற்று மத்தியானம் ஒரு வீட்டு வேலையில், சாரத்தில் நின்றபடியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டார் மனுஷன். கீழே கலவைச் சட்டியோடு நின்றது அவள்தான். "கரணையைப் பிடி" என்று பூச்சுக் கரண்டியை நீட்டினார். வாங்கிக்கொண்டாள். அதற்குமேல் அவர் பேசவில்லை.

"அண்ணி, ஒரு வாய் தண்ணியாவது குடிங்க" என்றான் நெட்டை. கம்பி கட்டுகிறவன். கொத்தனாரை அண்ணன் என்று கூப்பிட்டே பதினோரு வருஷம் கூட வேலை செய்தவன். அவனோடு இன்னும் நான்கு ஆட்கள் வேலையை விட்டுவிட்டு வந்திருந்தார்கள். அந்த ஐவரில் ஒருவரும் இந்தச் சபைக்காரர் இல்லை.

கதவின் சின்னத் திட்டி வாசல் திறந்தது. சபைச் செயலர் வெளியே வந்தார். கையில் தடிமனான பதிவேடு. அவள் எழுந்து முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"உட்காரும்மா, உட்காரு. கேட்டதும் மனசே ஆறலை. நல்ல மனுஷன்." அவர் தொண்டையைச் செருமினார். "ஆனா ஒரு சிக்கல். வருஷம் பூரா திருவிருந்துக்கு வராதவங்க பேரை நீக்கணும்னு சபையில ஒரு விதி இருக்கு. போன மாசம்தான் கமிட்டி கூடி நீக்கினோம். உங்க ரெண்டு பேரு பேருமே இப்போ இல்லம்மா. அங்கத்தினரா இல்லாதவங்களுக்கு நம்ம கல்லறையில இடம் கொடுக்க முடியாது."

வேறு யாரையோ பற்றிச் சொல்கிறார் என்றே அவள் முதலில் நினைத்தாள். அவர் பதிவேட்டை விரித்து விரலை வைத்துக் காட்டியபோதுதான் தூக்கிவாரிப் போட்டது. எழுத்துக் கூட்டிப் படித்தாள். கொத்தனாரின் பெயருக்கு நேரே, மாதாமாதம் ஆராதனையில் அப்பமும் ரசமும் தரும் திருவிருந்துக்கு ஒன்றாக, பன்னிரண்டு கட்டங்கள். பன்னிரண்டிலும் ஒரே வார்த்தை. வரவில்லை. கீழே அவள் பெயர். அதிலும் அதுவே. கையெழுத்து அழகாக, கோணல்மாணல் இல்லாமல் இருந்தது.

"வேலையில இருந்தோமேய்யா" என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை. "இங்கதான. இந்தக் கோயில்லதான."

ஆறு நாளும் கூலிக்கு எங்கெங்கோ போகிறவர்கள் இருவரும். ஏழாம் நாளை இந்தக் கட்டடத்துக்குக் காணிக்கையாகக் கொடுத்திருந்தார் கொத்தனார். கோயில் கட்டி முடிகிறவரை தெருக்கோடிப் பள்ளிக்கூடத்தில்தான் ஆராதனை. அங்கே பாடுகிற பாட்டு சாரத்துக்குக் கேட்கும். பூசிக்கொண்டே அவரும் பாடுவார். "அண்ணே, பச்சைச் சுவரு. நீங்க பாடி உதிந்துரப் போகுது" என்று கீழேயிருந்து நெட்டை கத்துவான். கலக்கிவிட்ட கலவை ஆராதனை முடிகிற வரைக்கும் காத்திருக்காது. கை கால் கழுவிக்கொண்டு ஓடிப்போய்ப் பார்த்தால் பள்ளிக்கூடம் பூட்டியிருக்கும். திருவிருந்தை விடுகிறோமே என்று ஒருமுறை அவள் இதே செயலரிடம்தான் குறைபட்டுக்கொண்டாள். ஆராதனை முடிந்ததும் வேலை எவ்வளவு ஆயிற்று என்று பார்க்க அவர் தவறாமல் வந்துவிடுவார்.

"ஆண்டவருக்கு வீடு கட்றீங்க, இதைவிட என்னம்மா ஆராதனைன்னு நீங்கதானய்யா சொன்னீங்க?"

"சொன்னேன். இல்லேன்னு சொல்லலை. ஒரு ஆறுதலுக்குச் சொன்னது. விதின்னு வரும்போது ஆளுக்கு ஒண்ணா பார்க்க முடியுமா?"

"எங்களை இங்க பாத்துட்டுப் போய்த்தான் வரலேன்னு எழுதினீங்களா?"

செயலர் பதிவேட்டை மூடினார். "திருவிருந்துக்கு வரலேன்னுதான்மா எழுதியிருக்கேன். பொய் எழுதலை. போதகருக்கும் வருத்தம்தான். நாளன்னிக்குப் பிரதிஷ்டை, பேராயர் வர்றாரு, ஐயாவுக்குத் தலைக்குமேல வேலை. உங்களை ஜெபத்துல நினைச்சுக்கிறேன்னு சொல்லச் சொன்னாரு. பொதுக் கல்லறை இருக்கில்ல, அங்க கொண்டு போங்க."

"சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான்னு எங்க ஆளுங்க சொல்லுவாங்க. உங்ககிட்டயும் அதே கதைதானா சார்?" என்றான் நெட்டை.

செயலர் குனிந்து உள்ளே போனார். தாழ் விழுந்தது.

அவள் பேயறைந்தவள் மாதிரி நின்றாள். பிறகு வண்டியின் பின்கதவைத் திறக்கச் சொன்னாள். ஐந்து பேரும் செருப்பைக் கழற்றிவிட்டு அருகில் வந்தார்கள். ஜெபத்தைத் தொடங்கப் பார்த்தாள். வாய் திறந்தது, வார்த்தை வரவில்லை. அந்த வாயைப் பார்க்கச் சகிக்காமல் நெட்டைதான் கை கூப்பினான்.

"கொத்தனாரோட ஆண்டவரே, எனக்கு உன்னைப் பழக்கமில்ல. இவரைத்தான் தெரியும். ஞாயித்துக்கிழமை ஒண்ணு விடாம உன் வீட்டுக்கு வந்தாரு. நீ பாத்துக்கிட்டுதான இருந்த? அண்ணனைப் பத்திரமா வச்சுக்க."

எங்கே முடிப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை. "ஆமென்" என்றாள் அவள். மற்ற நால்வரும் அவள் வாயைப் பார்த்து அதையே சொன்னார்கள்.

அப்போது உள்ளே சங்கிலி உருவும் சத்தம் கேட்டது. இரும்புக் கதவின் இரண்டு பக்கமும் விரியத் திறந்தன. அவள் கதவை நோக்கி இரண்டு எட்டு வைத்தாள். போதகரின் மனசு இளகிவிட்டது.

"தூக்குங்கப்பா" என்றாள் அவசரமாக. "கூப்பிடுறாங்க. தூக்குங்க."

பெட்டி வண்டியிலிருந்து பாதி வெளியே வந்திருந்தது. பின்னால் ஹாரன் அடித்தது. காவல்காரர் உள்ளேயிருந்து ஓடிவந்து, அவள் முகத்தைப் பார்க்காமல், கையை ஆட்டினார்.

"கொஞ்சம் ஓரமா எடுங்கம்மா. நாற்காலி வந்திருக்கு."

பெட்டியை மறுபடி உள்ளே தள்ளினார்கள். வண்டி ஓரம் போயிற்று. பேராயரின் கூட்டத்துக்கான நானூறு நாற்காலிகளை ஏற்றிக்கொண்டு லாரி மெதுவாகக் கோயிலுக்குள் நுழைந்தது.