டீயில் கலந்த வேர்

அவள் ரயில் நிலையத்தில் அறிவிப்பாளர். நுரையீரலில் புற்றுநோய் என்று தெரிந்ததும் வலப்பக்கம் ஒரு பகுதியை அறுத்து எடுத்தார்கள். நோய் போனது; இருமல் மட்டும் ஒட்டிக்கொண்டது. சேர்ந்தாற்போல் இரண்டு வாக்கியம் பேசினால், மூன்றாவது இருமலாக வரும். மைக் முன்னால் எப்படி உட்காருவது?

இருமலுக்கான பழைய மூலிகைக் கஷாயம் ஒன்றை, அவளைப் போன்றவர்களிடம் மருத்துவமனையில் சோதித்துக்கொண்டிருந்தார்கள். பாதிப் பேருக்குக் கஷாயம்; மீதிப் பேருக்கு அதே நிறத்தில், அதே கசப்பில் மருந்தில்லாத தண்ணீர். யாருக்கு எது என்று டாக்டருக்கே தெரியாது. அவள் உடனே சம்மதித்தாள்.

"உனக்கு வெறும் தண்ணி வந்தா?" என்றார் கணவர். பூட்டு ரிப்பேர் செய்பவர். மூடியிருக்கும் எதையும் சும்மா விடமாட்டார்.

"வரட்டுமே. சிலர் தண்ணி குடிச்சாத்தானே மருந்தோட லட்சணம் தெரியும்?"

அவருக்கு மனசு ஆறவில்லை. பாட்டிலை மோந்து, ஒரு சொட்டை நக்கிப் பார்த்து, "சாயத் தண்ணி" என்று தீர்ப்பு சொல்லிவிட்டார். காலை டீ போடுவது எப்போதும் அவர் வேலை. அதனால் அவளுக்குச் சந்தேகமே வரவில்லை.

இருமல் மெல்லக் குறைந்தது. ஒருநாள் சர்க்கரை தீர்ந்துபோயும் டீ இனித்தது. வடிகட்டியைப் பார்த்தாள். தட்டிப்போட்ட அதிமதுர வேர்.

"என்னங்க இது?"

"வேர்தான்... உடம்புக்கு நல்லது."

"வேற ஏதாவது சாப்பிடுறீங்களான்னு அந்த டாக்டர் பொண்ணு ஒவ்வொரு தடவையும் கேக்குது. இல்லவே இல்லைன்னு தலையாட்டிட்டு வர்றேன். என்னைப் பொய்க்காரி ஆக்கிட்டீங்களே!"

அவர் அடுப்பையே பார்த்துக்கொண்டு நின்றார். "நீ நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு இருமுறே. கையைக் கட்டிக்கிட்டு உட்கார என்னால முடியலம்மா."

அவள் கோபம் பாதியில் நின்றுவிட்டது. இருவருமாகப் போய் டாக்டரிடம் சொன்னார்கள்.

"வேருன்னாலும் மருந்துதான் ஐயா. அதிமதுரத்தால பிரஷர் ஏறியிருந்தா என்ன பண்ணுவீங்க?" என்றாள் டாக்டர். அளந்து பார்த்தாள், ஏறவில்லை. அதற்குள் அவருக்குத்தான் வேர்த்துவிட்டது. "இனிமே இவங்க விவரத்தை மத்தவங்களோட சேர்க்க முடியாது, தனியாத்தான் வைக்கணும்" என்றாள் டாக்டர்.

சோதனை முடிந்ததும் டாக்டர் இருவரையும் கூப்பிட்டு முடிவைச் சொன்னாள். கஷாயம் குடித்தவர்களுக்கு இருமல் கொஞ்சம் கூடுதலாகக் குறைந்திருந்ததாம். இன்னும் நிறையப் பேரிடம் பார்த்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியுமாம். அவளுக்கு வந்தது தண்ணீர்.

கணவர் எழுந்தே விட்டார். "அப்போ என் டீதான்!"

"சிலருக்கு நாள் ஆனா தானாவே குறையும். டீயா, நாளான்னு கண்டுபிடிக்க முடியாம நீங்கதான் எல்லாத்தையும் கலக்கிட்டீங்களே" என்றாள் டாக்டர்.

அவர் முகம் வாடிப்போனது. அவளுக்குப் பொறுக்கவில்லை. "போகட்டும் டாக்டர். கைப்பக்குவம்னு எழுதிக்கோங்க."

மூவரும் சிரித்தார்கள். அவள் சிரித்து, கொஞ்சம் இருமி, மறுபடியும் சிரித்தாள்.

அவள் வேலைக்குத் திரும்பிய அன்று அவர் கடையை அடைத்துவிட்டு நிலையத்து பெஞ்சில் போய் உட்கார்ந்தார். ஒலிபெருக்கி கரகரத்தது. வண்டி தாமதம் என்ற சேதி. நடுவில் ஒரு சின்ன இருமல். "மன்னிக்கவும்" என்றது குரல், கடைசிவரை சொல்லி முடித்தது.

"இதுவும் லேட்டா!" என்று சலித்துக்கொண்டார் பக்கத்தில் இருந்தவர்.

"ஆமாங்க, லேட்டு" என்றார் இவர், வாயெல்லாம் பல்லாக. "சொன்னது என் சம்சாரம்."