அன்வர் ஒற்றன் இல்லை

காஷிஃப் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தரச் சோதனைப் பிரிவில் வேலை பார்த்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் நாடகம் போடுவான். அப்படித்தான் சினிமா வாய்ப்பு வந்தது. வேலூர்க்காரர் வேதாசலம் எழுதிய உளவு நாவலைப் படமாக எடுக்க இருந்த இயக்குநர் இளம்பரிதி, அன்வர் என்ற பாத்திரத்துக்கு இந்தப் பக்கத்து முகம் தேடி வந்து அவனைப் பிடித்துக்கொண்டார்.

நாவலில் அன்வர், ராணுவத்துக்கு பூட்ஸ் தைக்கிற கம்பெனியில் சரக்கு அனுப்பும் டெஸ்பாட்ச் கிளார்க். பனிக்கான பூட்ஸ் எத்தனை ஜோடி எந்த ஊருக்குப் போகிறது என்று தெரிந்தால், படை எங்கே நகர்கிறது என்பதும் தெரிந்துவிடும். அந்த விவரம் வெளிநாட்டுக்குக் கசிகிறது. சந்தேகம் அன்வர் மேல் விழுகிறது. ஆறு வருஷம் ஓர் அதிகாரி அவனைக் கண்காணிக்கிறார். கடைசியில், விவரத்தை விற்றவர் கம்பெனி மேனேஜர் என்று தெரிகிறது. அதிகாரி மன்னிப்புக் கேட்க அன்வர் வீட்டுக்கு வருகிறார். அன்வர் பதில் சொல்லாமல் கதவைச் சாத்துகிறான்.

அந்த அத்தியாயத்துக்காகவே காஷிஃப் ஒப்புக்கொண்டான். சம்பளமில்லாத லீவில் இருபத்திரண்டு நாள் நடித்தான். கதவைச் சாத்தும் காட்சி முடிந்ததும் லைட்மேன் ஒருவர் வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

நாலு மாதம் கழித்து டப்பிங்குக்குச் சென்னைக்குக் கூப்பிட்டார்கள். முதல் நாள் ஒழுங்காகப் போயிற்று. இரண்டாம் நாள் திரையில் அவனுடைய பின்னந்தலை மட்டும் தெரிந்தது. காதில் போன். கையிலிருந்த தாளில் ஒரு வரி: "சரக்கு கிளம்பிடுச்சு. இனிமே உங்க வேலை."

"சார், இத நான் பேசவே இல்லையே," என்றான் காஷிஃப்.

"புதுசா சேர்த்தது. சும்மா சொல்லுங்க பாய்," என்றார் இளம்பரிதி.

"முன்னாடி என்ன வருது? காட்டுங்க."

காட்டினார்கள். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து அன்வர் ரோட்டையே பார்க்கிறான். யாரையோ எதிர்பார்க்கிற பார்வை. காஷிஃபுக்கு அந்த மதியம் நினைவிருந்தது.

"அது சாப்பாட்டு வண்டி வருதான்னு பார்த்தது சார். மணி மூணு ஆயிடுச்சு. பசியில பார்த்தேன்."

"கேமரா ஓடிட்டிருந்துது. பிரமாதமான பார்வை."

"அப்ப கடைசி சீன்? கதவு?"

இளம்பரிதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "விநியோகஸ்தர் ஒத்துக்கல. ரெண்டரை மணி நேரம் மெதுவா போற படம். முடிவுல மேனேஜர் மாட்டுனா யாருக்கு இன்னா? ஜனங்களுக்கு ஏற்கனவே இவன் மேலதான் சந்தேகம். அத நிஜமாக்கிட்டா கைதட்டல் வரும்."

"அந்தச் சந்தேகம் தப்புன்னு சொல்றதுதானே கதையே."

"நீங்க அக்ரிமென்ட்ல கையெழுத்து போட்டிருக்கீங்க."

"மூஞ்சிக்குப் போட்டேன். அத எடுத்துக்கிட்டீங்க. குரல் வராது." காஷிஃப் தாளை மேசையில் வைத்துவிட்டுக் கிளம்பினான். ஆம்பூர் வரும்வரை ரயிலில் உட்காரவில்லை. கதவருகிலேயே நின்றுகொண்டு வந்தான்.

வேறொருவர் குரலோடு படம் வெளியானது. முதல் ஞாயிறு அவனும் மனைவி இரமும் வேலூரில் போய்ப் பார்த்தார்கள். டீக்கடைக் காட்சியில் பின்வரிசையில் ஒருவன் சொன்னான்: "நான் அப்பவே சொன்னேன்ல, இவன்தான்னு." முடிவில், முதுகு மட்டும் தெரிகிற வேறோர் ஆளை அன்வர் என்று சுவரோடு தள்ளி விலங்கு மாட்டியபோது அரங்கமே கைதட்டியது. இரம் துப்பட்டாவை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

எழுத்தாளரின் ஊர் என்பதால் படக்குழுவும் வந்திருந்தது. படம் முடிந்ததும் விளக்கைப் போட்டு, திரைக்கு முன்னால் வேதாசலத்துக்குச் சால்வை போர்த்தினார்கள். இளம்பரிதி காஷிஃபைப் பார்த்துவிட்டார். "நம்ம அன்வர் இங்கதான் இருக்காரு" என்று மேலே அழைத்து மைக்கையும் கொடுத்தார்.

காஷிஃப் கூட்டத்தைப் பார்க்கவில்லை. எழுத்தாளர் பக்கம் திரும்பினான்.

"ஐயா, உங்க புக்ல அன்வர் ஒற்றனா?"

"புக் வேற, படம் வேற தம்பி."

"ஆமாவா, இல்லையா? அத மட்டும் சொல்லுங்க."

வேதாசலம் சால்வை நுனியை இழுத்துச் சரிசெய்தார். பிறகு, "இல்லை," என்றார். மைக் அதை அரங்கம் முழுக்கக் கொண்டுபோனது.

"கேட்டுக்குங்க," என்றான் காஷிஃப். "அவன் ஒண்ணும் பண்ணல. நான் பண்ணாதவனாத்தான் நடிச்சேன். வெட்டி ஒட்டி இப்படி ஆக்கிட்டாங்க. அந்தக் குரல் என்னுது இல்ல."

மைக்கை அணைத்துவிட்டார்கள். மீதியை அவன் மைக் இல்லாமலே சொன்னான். சிலர் போனில் படம் பிடித்தார்கள். பாதிப் பேர் எழுந்து போய்க்கொண்டிருந்தார்கள்.

வண்டி நிறுத்துமிடத்தில் வேதாசலம் தேடி வந்தார். "எனக்கும் வருத்தம்தான் தம்பி. ஆனா நாவல் அப்படியேதானே இருக்கு."

"உங்க நாவல ஆயிரம் பேர் படிச்சிருப்பாங்களா? இந்த மூஞ்சிய லட்சம் பேர் பார்த்தாச்சு. இதத் தூக்கிட்டு நான்தான் தெருவுல நடக்கணும். நீங்க இல்ல." காஷிஃப் வண்டிப் பக்கம் திரும்பினான். சாவியை இரமிடம் கொடுத்தான். அவள்தான் வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தாள்.

மறுநாள் கம்பெனியில் ஜீவா, கூட வேலை பார்க்கிறவன், "இன்னா பாய், அடுத்த சரக்கு எப்போ?" என்று சிரித்தான். காஷிஃப் சிரிக்கவில்லை. கையிலிருந்த ஷூவைக் கீழே வைத்துவிட்டு, சாப்பாட்டு நேரம் முழுக்க நாவலின் கதையை ஒன்றுவிடாமல் அவனுக்குச் சொன்னான். அதற்கப்புறம் ஜீவா அப்படிக் கேட்கவில்லை. மற்றவர்கள் கேட்டார்கள்.

அடுத்த மாதம் சென்னையிலிருந்து ஒரு புதுக் கம்பெனி போன் செய்தது. "உங்க நடிப்பு பார்த்தோம். ரெண்டு மடங்கு சம்பளம். ஒரு பெரிய ரோல்."

"ஆளு யாரு?" என்று கேட்டான் காஷிஃப்.

"ஸ்லீப்பர் செல் தலைவன். சிட்டியில மறைஞ்சிருக்கிற தீவிரவாதி."

"கதையில அவன் இன்னா வேலை பார்க்குறான்? பொண்டாட்டி புள்ள இருக்கா?"

"அதெல்லாம் இன்னும் எழுதல சார்."

"எழுதிட்டுப் பேசுங்க," என்று சொல்லி காஷிஃப் போனை வைத்தான். அவர்கள் மறுபடி கூப்பிடவில்லை.