நிக்கோலா நாள் சீசா

போன மாதம் ஸ்டர்ஜன் மீன் முட்டையிட ஊசியாகப் போட்ட அதே மருந்தைத்தான் காட்டுக் கெண்டைக்கும் போட்டேன். ஸ்டர்ஜன் மறுநாளே கரிய முட்டைகளைக் கொட்டியது. கெண்டை முப்பது மணி நேரமாகியும் ஒரு முட்டைகூட விடவில்லை. ஏன் என்று எனக்குப் புரியவில்லை.

அது புரிவதற்குள் மூன்று மீன்கள் செத்துவிட்டன. ஞாயிறு ஒன்று, செவ்வாய் ஒன்று, இன்று காலை ஒன்று. மிச்சம் இருப்பது ஒரே ஒரு பெண். தொட்டிச் சுவரோரம் சாய்ந்து கிடந்தாள். வயிறு கல்லாக இறுகியிருந்தது.

அணைக்குக் கீழே டான்யூப் ஆற்றில் இரண்டு வாரம் வலை போட்டுப் பிடித்தவை இந்த நான்கும். வளர்ப்புக் கெண்டையின் கலப்பு இல்லாத கடைசிப் பெண் மீன்கள். ஆண் மீன்கள் பக்கத்துத் தொட்டியில் தயாராக இருந்தன. இவளும் முட்டை விடாமல் போனால் ஆற்றின் பழைய கெண்டை வம்சமே இத்தோடு முடிந்தது.

என் உதவியாள் திகோமிர் செத்த மீனைப் பலகையில் கிடத்திக் கீறினான். முத்தாக இருக்க வேண்டிய முட்டைகள் சாம்பல் நிறக் கூழாக வழிந்தன. நாற்றத்தில் இருவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டோம்.

"சொன்னா கோவிச்சுக்குவீங்க அக்கா."

"அப்ப சொல்லாத."

"அந்த சீசா மட்டும் இருந்திருந்தா..."

"சொல்லாதன்னேன்ல."

அந்தச் சீசாவை மார்ச்சில் குப்பையில் போட்டவள் நான்தான். டிசம்பரில் புனித நிக்கோலா நாளன்று இந்த ஊரில் கெண்டை வேகாத அடுப்பு கிடையாது. வாதுமைக் கொட்டையும் அரிசியும் அடைத்துச் சுடுவார்கள். தலைக்குள் இருக்கும் சிலுவை வடிவ எலும்பைச் சாமி படத்தடியில் வைத்துவிட்டு, தலையைத் திகோமிரிடம் கொடுப்பார்கள். மூளைக்கு அடியில் பயறு அளவில் ஒரு சுரப்பி உண்டு. அதைத் தோண்டி எடுத்து அசிட்டோனில் உலர்த்திச் சீசாவில் சேர்ப்பான். வசந்தத்தில் அதைப் பொடித்துக் கரைத்துப் பெண் கெண்டைக்கு ஊசியாகப் போடுவார்கள். திகோமிர் வருவதற்கு முன்பிருந்தே, முப்பது வருடம் இப்படித்தான் இந்தப் பண்ணையில் கெண்டைக் குஞ்சு பொரித்தது.

நான் ஸ்டர்ஜன் பண்ணையில் இருந்து வந்தவள். யார் வீட்டுத் தலையோ, எந்த வருடத்துப் பொடியோ என்று எனக்கு அருவருப்பு. ஆலையில் செய்த தூய மருந்து கையில் இருக்கும்போது இது எதற்கு என்று நினைத்தேன்.

அந்த மருந்து ஒரு நரம்புப் பெப்டைடு. பத்து மணிகள் கோத்த மிகச் சிறிய சங்கிலி என்று வைத்துக்கொள்ளுங்கள். "சுரக்கத் தொடங்கு" என்று மூளை அந்தச் சுரப்பிக்கு அனுப்பும் கட்டளை அது. சுரப்பியின் செல்களில் அதற்கென்றே ஏற்பிகள் உண்டு. சங்கிலி ஏற்பியில் போய் அமர்ந்தால் சுரப்பி தன் ஹார்மோனை விடும். அது ரத்தத்தில் போய் முட்டைகளை முதிர வைக்கும். மீனிலிருந்து மனிதன் வரை இந்த ஏற்பாடு ஒன்றுதான். சில மணிகள் மாறும், ஏற்பிகளின் எண்ணிக்கை மாறும். கெண்டையின் மூதாதையரில் மரபணுத் தொகுதி முழுவதும் இரட்டித்திருப்பதால் அதற்கு ஏற்பி வகைகள் அதிகம். ஆகவே அளவு போதவில்லை என்று முடிவு செய்து, மூன்றாவது மீனுக்கு இரட்டிப்பாகக் கொடுத்தேன். அதைத்தான் இப்போது பலகையில் கீறிக்கொண்டிருந்தோம்.

திகோமிர் ரப்பர் ஏப்ரனைக் கழற்றினான். சட்டையின் மார்பில் இரண்டு ஈரத் திட்டுகள்.

"என்னடா அது? ரத்தமா?"

"ஒண்ணுமில்லக்கா."

"கிட்ட வா."

"வேணாம்க்கா." காது மடல் சிவந்துவிட்டது. "பால்."

"என்னது?"

"பாலுக்கா, பால்! சிரிச்சீங்க, நாளையிலிருந்து வேலைக்கு வரமாட்டேன். வயித்து ஆபரேஷனுக்கப்புறம் வாந்திக்கு மாத்திரை குடுத்தாங்கல்ல, அதோட வேலை. நேத்துதான் டாக்டர் நிறுத்தச் சொன்னாரு."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "வாந்தி மாத்திரைக்கு எப்படிடா பால் வரும்?"

"மூளைக்கு அடியில ஒரு சுரப்பியாம். பால் சுரக்காம அத எந்நேரமும் ஒரு பிரேக் பிடிச்சு வெச்சிருக்காம். டோபமைன்னு பேரு. மாத்திரை அந்த பிரேக்க எடுத்துவிட்டுருச்சு. படம் போட்டுக் காட்டினாரு. கெண்டைத் தலையில நான் தோண்டுவேனே, அதே இடம்."

கையிலிருந்த கத்தியைக் கீழே வைத்தேன்.

சீசாப் பொடி கட்டளையைச் சுமந்து போகவில்லை. சுரந்து முடிந்த ஹார்மோனே அதில் இருந்தது. சுரப்பியைக் கேட்காமல் நேராக முட்டைக்குப் போய்விடும். என் மருந்து சுரப்பியிடம் கேட்கிறது. கெண்டையிலோ அதே செல்களில் டோபமைனும் தன் ஏற்பிகளில் அமர்ந்து அழுத்திப் பிடித்திருக்கிறது. கட்டளையை எத்தனை மடங்கு உரக்கச் சொன்னாலும் பிடி தளராது. ஸ்டர்ஜனில் அந்தப் பிடி தளர்வு. அதனால் எனக்கு அது தெரியாமலே போனது.

திகோமிரின் சட்டையைப் பார்த்தேன். கெண்டைக்கும் அவனுக்கும் பொதுவான மூதாதை நாற்பது கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் எந்தக் கடலிலோ நீந்தியது. அன்றைய ஏற்பி இரண்டு பேர் தலைக்குள்ளும் இன்னும் உட்கார்ந்திருக்கிறது.

"மருந்துக் கடைக்குப் போ. அதே மருந்து ஊசியா கிடைக்கும். இருக்கிற பெட்டியெல்லாம் வாங்கிட்டு வா."

"எனக்கா?"

"அவளுக்கு."

அவன் தொட்டியைப் பார்த்தான். "இதுதான் கடைசிக்கா. இதுவும் போச்சுன்னா?"

"சும்மா விட்டாலும் நாளை மறுநாள் போயிரும்."

மாலை ஆறு மணிக்கு, ஈரத் துணியால் அவள் கண்ணை மூடி, செதில் அடியில் பெப்டைடு, வாந்தி மருந்து இரண்டையும் ஊசியாகப் போட்டேன். அவள் துள்ளக்கூட இல்லை. தண்ணீர் இருபத்தொரு பாகையில் இருந்தது.

காலை எட்டு மணிக்கு வந்தபோது தொட்டி அசைவற்றிருந்தது. திகோமிர் வாசலிலேயே நின்றுவிட்டான். நான் கையை விட்டு அவள் வயிற்றைத் தொட்டேன். மெத்தென்று இருந்தது. லேசாக அழுத்தினேன். பச்சை படர்ந்த மஞ்சள் முட்டைகள், தெளிந்த முட்டைகள், கிண்ணம் நிறைய வழிந்தன.

தொட்டிக்கு மேலிருந்த பலகையில் எழுதினேன்: காட்டுக் கெண்டைக்கு ஒரே நேரத்தில் இரண்டு ஊசி. ஒன்று, சுரப்பிக்குக் கட்டளையிடும் பெப்டைடு. மற்றது, டோபமைனின் பிடியை விலக்கும் வாந்தி மருந்து. ஸ்டர்ஜனுக்கு முதலாவது மட்டும் போதும்.