வாழைப்பூவுக்குச் சிங்களத்தில் என்ன?

1

இந்தக் கதை ஓர் அகராதிக் குறிப்பாகத்தான் பிறந்தது. ஹட்டனில் இருக்கும் என் நண்பர் மகாலிங்கம் மலையகத்துப் புழக்கச் சொற்களைத் தொகுக்கிறார். “கனகாம்பிகை டீச்சருக்கு ‘வாழைப்பழம்’. அரைப் பக்கம் போதும்” என்று ஒதுக்கித் தந்தார். நான் யாழ்ப்பாணத்துக்காரி. மஸ்கெலியாவில் பதினொரு வருடமாகத் தமிழ் படிப்பிக்கிறேன். வாழைப்பழத்தில் எனக்குத் தெரியாதது என்ன இருக்கிறது என்று உட்கார்ந்தேன். எழுதியது இவ்வளவு:

வாழைப்பழம் (பெ.) 1. உரித்துத் தின்னும் பழம். தேத்தண்ணிக் கடையில் தலைக்கு மேலே தொங்கும். பிளேன்டி குடிப்பவர் கேளாமலே பிய்த்துக்கொள்ளலாம், போகும்போது சொன்னால் சரி. 2. சாமி படத்துக்கு முன்னால் ஊதுபத்தி குத்தும் தாங்கி. 3. ~ச் சோம்பேறி: உரித்துக் கையில் கொடுத்தாலும் யோசிப்பவர். 4. ~த்தில் ஊசி ஏற்றுதல்: நோகாமல் நோகடித்தல். 5. வாழைப்பூ:

ஐந்தில் பேனா நின்றுவிட்டது. பூவை ஏன் பழத்துக்குள் கொண்டுவந்தீர்கள் என்று மகாலிங்கம் கேட்பார். என்ன செய்வது, வாழை என்று எழுதினாலே எனக்கு இப்போது ஜீவராணியின் முகம்தான் வருகிறது. ஆகவே அகராதி அங்கேயே கிடக்கட்டும்.

2

தொடக்கம், முதல் முயற்சி: “பனி மூடிய மலைச்சரிவில், முதுகில் கூடை சுமந்த பெண்கள் வரிசையாக—”

(வேண்டாம். இந்த மலையைப் பற்றிய கதைகளில் பாதி இந்தப் பனிக்குள் போய்த் திரும்பி வரவேயில்லை.)

இரண்டாவது முயற்சி: “‘எனக்கு உந்த வேலை காணும், நான் வடைக்கடை போடப்போறன்’ எண்டாள் ஜீவராணி.”

(இதை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். “நான் எப்பங்க டீச்சர் இப்புடி இழுத்துப் பேசுனேன்?” என்று சிரித்தாள். உண்மைதான். ஆளை அவளாக நிறுத்திவிட்டு வாயை எனதாக வைத்திருக்கிறேன்.)

மூன்றாவது. இது நிற்கும்.

ஜீவராணி இருபத்திரண்டு வருடம் கொழுந்து பறித்தவள். மார்கழி பிறந்து சிவனொளிபாதமலைக்கு யாத்திரை ஆட்கள் ஏறத் தொடங்கினால், மஸ்கெலியா வழியே வேனும் பஸ்ஸும் நிற்காமல் போகும். அத்தனை வயிற்றுக்கும் பசிக்குமே என்று இருபத்திரண்டு மார்கழியும் மேட்டிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தவள், இந்த வருடம் இறங்கிவிட்டாள். அவள் சுடும் வாழைப்பூ வடைக்குத் தோட்டத்து லயம் வீடுகள் அத்தனையும் அடிமை. கங்காணி ஆண்டியப்பனிடம் போய் ஒரு மாதம் லீவு கேட்டாள்.

“மாசக் கடைசி வரைக்கும் பேரு இருக்கும் ஜீவராணி. அன்னைக்குச் சாயந்தரத்துக்குள்ள ஒரு முடிவு சொல்லிரணும். வரலேன்னா பேரை வெட்டிருவாங்க. அப்பறம் பெரட்டுல வந்து நின்னு அழுது பிரயோசனம் இல்ல.”

பெரட்டு என்பது காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் இடம். அந்தப் பேரை விடலாமா, கடை கைகொடுக்குமா என்பதுதான் அவளுடைய கவலை. இந்தக் கதையின் கவலையும் அதுவே.

3

இங்கே ஜீவராணியின் கணவர் சிவசாமியை நுழைத்தேன். பொருள் மூன்று வீணாகப் போகக்கூடாதே என்று அவரை வாழைப்பழச் சோம்பேறியாக ஆக்கிவைத்தேன். “சிவசாமி கட்டிலை விட்டு—”

“எங்க வீட்டுக்காரரு சோம்பேறி இல்லிங்க” என்றாள் ஜீவராணி. “பொல்பிட்டியப் பக்கம் போயி வாழைப்பூ கொண்டாறது யாருங்கிறீங்க? மொத பஸ்ஸுல போயிட்டு, ஃபாக்டரி வேலைக்கு நேரத்துக்கு வந்துடுறாரு. ஒங்க கதைக்கு ஒரு சோம்பேறி வேணும்னா வேற வீட்டுல பாருங்க.”

பார்த்தேன். வேறு வீடு கிடைக்கவில்லை. ஒரேயொரு சோம்பேறிதான் கிடைத்தாள். அவள் ஐந்தாம் பகுதியில் வருகிறாள்.

4

கடைக்குப் போர்டு எழுதியவன் லோஜன். மேலே தமிழில் ‘சுவையான வாழைப்பூ வடை’, கீழே அதுவே சிங்களத்தில், சிவப்பு எழுத்தில், மஞ்சள் நிழல் கொடுத்து.

முதல் ஞாயிற்றுக்கிழமை ஒரு வேன் கடையைத் தாண்டிப் போய், நின்று, பின்னால் வந்தது. உள்ளே இருந்தவர்கள் இறங்கிப் போர்டைப் படம் எடுத்தார்கள். ஒருவர் தோளை ஒருவர் அடித்துக்கொண்டு சிரித்தார்கள். “அதைத் தாங்க” என்று சிங்களத்தில் போர்டைக் காட்டிக் கேட்டார்கள். பத்து மணிக்கெல்லாம் சட்டி காலி. அடுத்த நாள் இரண்டு வேன், அதற்கடுத்த நாள் ஒரு பஸ். ஜீவராணிக்குத் தலைகால் புரியவில்லை. சிங்களம் அவளுக்கு ஓரளவு பேச வரும், வாசிக்கத்தான் தெரியாது. சந்தோஷமாக இருக்கிறார்கள் என்று அவளும் கூடச் சேர்ந்து சிரித்தாள்.

மூன்றாவது வாரம், வெள்ளை உடுத்திய ஓர் அம்மா கும்பலில் இருந்து பிரிந்து வந்து அவள் கையைப் பிடித்தார். “மேக்க வெரதி, நங்கி” என்றார். இது பிழை தங்கச்சி. பிறகு போர்டில் இருந்ததைத் தாழ்ந்த குரலில் வாசித்தார்: “கெஹெல்மல் வடே.”

அந்தச் சொல் ஜீவராணிக்குத் தெரியும். கொழுந்து ஏற்ற வரும் லொறி டிரைவர் மூச்சுக்கு மூச்சு சொல்வது. நம்மவர் எரிச்சலில் ‘மண்ணாங்கட்டி’ என்கிற இடத்தில், அதைவிடக் கொஞ்சம் அசிங்கமாக வந்து விழும். மூன்று வாரமாக அவள் தலைக்கு மேலே தொங்கியது ‘சுவையான மண்ணாங்கட்டி வடை’.

லோஜனுக்கு வந்த வினையைப் பாருங்கள்! ஒரு சொல்லைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல்—

5

(நிறுத்துகிறேன். நாலாம் பகுதியின் கடைசி வரி பொய். லோஜன் எழுத்தை வரைந்தவன் மட்டும்தான். சொல்லை எழுதிக் கொடுத்தது நான்.)

ஜீவராணி என் வீட்டு வாசலில் வந்து கேட்டாள்: “டீச்சர், வாழைப்பூவுக்குச் சிங்களத்துல என்னங்க?”

யாழ்ப்பாணத்தில் நாங்கள் அதை வாழைப்பொத்தி என்போம். அவள் பொத்தி என்று கேட்டிருந்தால் முழித்திருப்பேன், யாரையாவது விசாரித்திருப்பேன், ‘கெஹெல் முவ’ என்ற சரியான சொல்லும் கிடைத்திருக்கும். அவள் பூ என்றாள். வாழைக்குக் கெஹெல், பூவுக்கு மல், இதற்கு ஏன் விசாரிப்பு? அரச உத்தியோகத்துக்காகப் பாடப்புத்தகத்தில் படித்த சிங்களம் என்னுடையது. அந்தப் புத்தகத்தில் யாரும் யாரையும் திட்டுவதில்லை.

“இதென்ன பெரிய விசயமே? நான் எழுதித் தாறன்” என்று சொன்னது இன்னும் என் காதில் கேட்கிறது. வெட்கமாக இருக்கிறது. உனக்காவது தெரியாதா என்று லோஜனைக் கேட்டேன்.

“எனக்குத் தெரியுங்க டீச்சர்” என்றான் அவன். “ஆனா நீங்களே எழுதிக் குடுத்தா, எழுத்துச் சிங்களத்துல அது நல்ல வார்த்தையா இருக்கும்போலன்னு விட்டுட்டேன்.”

ஜீவராணி சத்தம் போடவில்லை. அதுதான் வலித்தது. “சிரிச்சாங்க, தின்னாங்க, போனாங்க டீச்சர்” என்றாள். “இத்தன நாள்ல ருசியா இருக்குன்னு ஒருத்தரும் சொல்லல. நானும் கேக்கல. அவங்க வடைக்கு வந்தாங்களா, போர்டுக்கு வந்தாங்களான்னு எனக்கு எப்புடித் தெரியும்? இத நம்பிப் பேரை வெட்டச் சொல்லவா?”

“பிழை விட்டுட்டன், மன்னிச்சுக்கொள் ஜீவராணி” என்றேன். “கதையிலயாவது உனக்கு நல்ல முடிவு தாறன்.”

“தாங்க பாப்போம்” என்று உட்கார்ந்தாள்.

6

முடிவு அ: லோஜன் போர்டைத் திருத்துகிறான். ‘கெஹெல் முவ’ என்று ஒழுங்காக இருக்கிறது. ஒரு வேனும் நிற்கவில்லை. ஜீவராணி பெரட்டுக்குத் திரும்புகிறாள்.

“அப்ப என் வடை நல்லா இல்லன்னு நீங்களே முடிவு கட்டிட்டீங்க.”

முடிவு ஆ: போர்டு அப்படியே இருக்கிறது. நாடு முழுக்கப் படம் பரவுகிறது. அவள் பெரிய முதலாளி—

“எத்தன நாளைக்குங்க? ஒரே பகிடிக்கு ரெண்டாந்தரம் எவன் சிரிப்பான்?”

முடிவு இ: அந்த வெள்ளை உடுத்திய அம்மா மறுபடியும்—

“போதும் டீச்சர். நீங்க எழுதுறத எழுதுங்க, நான் பாத்துக்குறேன்.”

அவள் பார்த்துக்கொண்டது இப்படி. மாதத்தின் கடைசி நாள். லோஜன் பெயின்ட் வாளியோடு வந்து நிற்கிறான். அழிக்கச் சொல்வாள் என்று அவன் எதிர்பார்த்தான், நானும்தான். அவள் ஓர் உரச் சாக்கை எடுத்துப் போர்டின் மேல் போட்டு, நாலு மூலையையும் இறுக்கிக் கட்டினாள்.

“இன்னைக்குப் போர்டே கெடையாது” என்றாள். “வாசன பிடிச்சு வர்றவங்க வரட்டும். ருசியா இருக்குன்னு ஒருத்தராச்சும் வாயத் தொறந்து சொன்னா, சாயந்தரம் கங்காணிகிட்டப் போயி பேரை வெட்டிக்கங்கன்னு சொல்லிருவேன். இல்லேன்னா விடிஞ்சா பெரட்டுதான்.”

“நான் சொல்லட்டே?” என்றேன்.

“நீங்க சொல்லப்படாது டீச்சர். நீங்க கதைக்காகச் சொல்லுவீங்க.”

ஆகவே நான் வாயை மூடிக்கொண்டேன். எண்ணெய் காய்ந்துவிட்டது. முதல் வடை உள்ளே போய், திரும்பி, மேலே மிதக்கிறது. சோம்பின் வாசம் றோட்டைத் தாண்டிவிட்டது. லோஜன் எச்சிலை விழுங்குகிறான், அவனுக்கும் ஓட்டு கிடையாது.

அதோ, ஹட்டன் பக்கமிருந்து ஒரு வேன் வருகிறது. சாக்குப் போட்ட போர்டை யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஆனாலும் வேன் மெதுவாகிறது, ஓரம் கட்டுகிறது, கதவு திறக்கிறது.

ஜன்னலோரம் இருப்பது நீங்கள். இறங்குங்கள். ஒன்று வாங்கி, சூட்டோடு கடித்துப் பாருங்கள். நான் சொன்னதையெல்லாம் மறந்துவிட்டு, அவளுக்காக இரக்கப்படாமல், நாக்கு என்ன சொல்கிறதோ அதை மட்டும் சொல்லுங்கள். அவள் கரண்டியை அந்தரத்தில் பிடித்தபடி உங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.