கரண்ட் இல்லாத பெட்டி

...அப்படியென்றால் அந்தப் பெட்டியில் கரண்டே இல்லை, இத்தனை வாரமும் நெற்றியில் ஈரப் பஞ்சை வைத்துப் பட்டி கட்டிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்ததெல்லாம் வெறும் கூத்து, ஹட்டனில் பஸ் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்த பிறகும் அம்மாக்கண்ணுவுக்கு ஆறவில்லை. மறதி தட்டும் வயசாளிகளின் தலையில் லேசாகக் கரண்ட் வைத்தால் ஞாபகம் தேறுமா என்று ஆஸ்பத்திரியில் பார்க்கிறார்களாம், ஊசியில்லை, கத்தியில்லை என்றுதானே கூப்பிட்டார்கள்... இன்றைக்கு எல்லாம் முடிந்ததும் அந்த யாழ்ப்பாணத்து டாக்டர் பிள்ளை நிரூபா சிரித்துக்கொண்டே சொல்கிறாள், "பாதிப் பேருக்குத்தானம்மா உண்மையான கரண்ட். மற்ற ஆக்களுக்குத் துவக்கத்தில நெத்தியில கொஞ்சம் சுணைச்சுக் கடிக்க விட்டுட்டு நிப்பாட்டிப் போடுவம். நீங்கள் அந்தப் பக்கம். முதலே சொன்னனாங்கள்தானே?" சொன்னார்களா? எப்போது?

அந்தப் பெட்டியை நம்பித்தானே செவலையின் ஞாபகத்தையும் நம்பினாள்... தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டுக்குப் பின்னால் கட்டியிருந்த கறவைப் பசு, ஒருநாள் கொட்டில் காலி, கேட்டால் மகன் ஜீவராஜ், "நீங்கதாம்மா வெள்ளிக்கெழம வெளக்கு வச்ச நேரம் கயித்தப் புடிச்சு மாட்டு யாவாரி கையில குடுத்தீங்க, மறந்துட்டீங்களா?" என்றான். உலையில் அரிசி போட்டதையே மறக்கிறவள், இதையும் மறந்திருப்பேன் என்று தன்னையே திட்டிக்கொண்டு அழுதாள். பெட்டி வைக்கத் தொடங்கிய பிறகுதான் அந்த மாலை முழுசாக எழுந்து வந்தது, மாரியம்மன் கோயில் பூசை, திருநீறோடு மழையில் திரும்பி வருகிறாள், முளைக்குச்சியில் அறுந்த கயிறு மட்டும், செவலை இல்லை... விளக்கு வைத்த பிறகு பக்கத்து லயத்துக் காளியாயிக்கு ஒரு கரண்டி உறைமோர்கூடக் கொடுக்கமாட்டாளே, வெள்ளிக்கிழமையில் மகாலட்சுமியையா பிடித்துக் கொடுப்பாள்? கேட்டதற்கு அவன் சிரித்தான். "அது மிஷினு பண்ற வேலம்மா, கரண்டு வச்சா இல்லாததெல்லாம் தோணும்." சரி என்று அதையும் விழுங்கினாள், பெற்ற பிள்ளை பொய்யா சொல்லும்?

கரண்டே இல்லையே, அப்போது அந்த ஞாபகம் யாருடையது? என்னுடையதுதானே... இல்லை, டாக்டர் பிள்ளை முதலிலேயே சொன்னது நினைவில்லையே, அதைத் தொலைத்த புத்தி இதை மட்டும் ஒழுங்காக வைத்திருக்குமா? கடைக்குப் போயிருந்த ஜீவராஜ் சூடாகப் பணிஸ் ரொட்டியோடு ஏறி வந்து பக்கத்தில் உட்கார்ந்தான், முந்தானையை இழுத்துப் போர்த்திவிட்டான், எவ்வளவு பாசமான பிள்ளை, கையைத் தட்டிவிடலாமா என்று வந்தது. "டாக்டரம்மா கடைசியா என்னம்மா சொன்னாங்க?" அவள் பணிஸைப் பிட்டுக்கொண்டே சொன்னாள், "மறந்துட்டேன்யா." பொய்க்கென்று அந்தச் சொல்லைச் சொன்னது இதுதான் முதல் தடவை. அவன் முகத்தில் ஒரு நிம்மதி வந்து போனது, அவள் பார்த்தாள்... பார்த்தாள்தானே?