வெந்நீர் யாருக்கு

கல்லூரியிலிருந்து வந்த பொறுப்பாளர் அம்மாள் செருப்பைக் கழற்றியதும் கேட்ட முதல் கேள்வி, "குளிக்கிற ரூம் எங்கங்க இருக்கு?" என்பதுதான். குளிரில் வந்தவர், அவசரமாக இருக்கும் என்று நினைத்துக் கதவைக் காட்டினேன். அவர் போகவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து கைப்பையை மடியில் வைத்துக்கொண்டார்.

"பொண்ணு பச்சத்தண்ணியில குளிக்கிறாளாமே. இருமல் நிக்கவே மாட்டேங்குதுன்னு கூடப் படிக்கிறவ வந்து சொன்னா. இந்தக் குளிர்ல என்னங்க இது?"



அந்தப் பெண் வேற்று நாட்டிலிருந்து ஒரு பருவம் படிக்க வந்து எங்கள் வீட்டில் தங்கியிருந்தவள். பிள்ளைகள் இல்லாத வீடு, ஓர் அறை சும்மா கிடந்தது. கல்லூரியில் கேட்டபோது எனக்கு முன்னால் தலையாட்டியவர் என் கணவர். எங்களை என்னவென்று கூப்பிடுவது என்று அவள் திணறியபோது, "என்னை மாமான்னு கூப்பிடு, இவ அத்தை. உறவாயிட்டா சண்டை போட வசதியா இருக்கும்" என்றார். எந்நேரமும் புத்தகமும் கையுமாக இருந்ததால் அவளுக்குப் 'பரீட்சை' என்று பெயரும் வைத்தார். "பரீட்சை சாப்பிட்டாச்சா?" என்று அவர் கேட்டால், "பரீட்சைக்கு இன்னும் பசிக்குது மாமா" என்பாள் அவள். எங்கள் பேச்சை அவள் கற்றுக்கொண்டதே அவரோடு வாயாடித்தான்.

அவர் பேருந்து ஓட்டுநர். காலையில் முதல் வண்டி அவருடையது. எங்கள் வீட்டு ஹீட்டர் ஒருவர் குளிக்கத்தான் காணும். எழுந்ததும் அதன் சுவிட்சைப் போட்டுவிட்டு, தான் பச்சைத் தண்ணீரில் குளித்துக் கிளம்பிவிடுவார். "சுடுதண்ணி ஊத்துனா ஸ்டியரிங்ல தூக்கம் வந்துரும்" என்பார். அவள் வருமுன் அந்த வெந்நீர் எனக்கு, வந்தபின் அவளுக்கு. அவள் குளித்து முடித்ததும் நான் மறுபடி சுவிட்சைப் போட்டு, சிவப்பு விளக்கு அணையக் காத்திருந்து குளிப்பேன்.

அவர் உயிர் போனது பணிமனையில். வண்டியைக் கோட்டுக்குள் சரியாக நிறுத்திவிட்டு ஸ்டியரிங்மேல் தலையைச் சாய்த்திருக்கிறார். கண்ணயர்ந்திருக்கிறார் என்று நினைத்து நடத்துநர் டீ வாங்கி வந்து, ஆறும்வரை பக்கத்திலேயே வைத்திருந்தாராம்.

துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் போன பிறகு என் அண்ணி சொன்னாள்: "இழவு விழுந்த வீட்ல ஊரான் வீட்டுப் பொண்ணு எதுக்குடி? காலேஜுல சொல்லி வேற இடத்துக்கு அனுப்பு. உனக்கும் பாரம், அவளுக்கும் பாவம்." சரி என்றேன். ஆனால் போன் செய்யவில்லை. மாலையில் அவள் வந்து கதவைத் திறக்கும் சத்தம்தான் அப்போது வீட்டில் மிச்சமிருந்த ஒரே சத்தம். இரு என்று சொல்லவும் வாய் வரவில்லை. என் துக்கத்துக்கு இன்னொருத்தி பெற்ற பிள்ளையைக் காவல் வைக்க எனக்கு என்ன உரிமை? அவளே போகிறேன் என்று சொல்லிவிடுவாள் என்று தினமும் பயந்துகொண்டிருந்தேன்.

"உங்க நிலைமையில உங்களைக் குறை சொல்ல வரலீங்க" என்றார் பொறுப்பாளர் அம்மாள். "இன்னொரு குடும்பம் ரெடியா இருக்கு. லீவு நாள்தானே, இன்னிக்கே கூட்டிட்டுப் போயிடறேன்."

"தினமும் காலையில நான்தாங்க அவளுக்கு சுவிட்ச் போடறேன்." எனக்கே அது பொய்போலக் கேட்டது.

அவள் அறையிலிருந்து இருமிக்கொண்டே வந்தாள். "பச்சத்தண்ணியிலயா குளிக்கிறே?" என்று அவர் கேட்டதற்கு என்னைப் பார்த்தாள், பிறகு தரையைப் பார்த்தாள். ஆமாம் என்று சொல்வதற்கு அதற்குமேல் என்ன வேண்டும்?

"போய் டிரெஸ்ஸெல்லாம் எடுத்து வைம்மா" என்றபடி பொறுப்பாளர் அம்மாள் எழுந்து குளியலறைக்குள் போனார். குழாயைத் திருகும் சத்தம். அடுத்த நொடி, "அய்யய்யோ!"

ஓடினோம். உள்ளே ஆவி பறந்துகொண்டிருந்தது. அவர் கையை உதறிக்கொண்டே கேட்டார்: "இப்படிக் கொதிக்குது! நீங்க ரெண்டு பேரும் குளிச்சாச்சா?"

"ஆச்சு" என்றோம் இருவரும்.

"அப்ப இது யார் குளிக்க?"

"அத்தைக்கு" என்றாள் அவள்.

எனக்குப் புரியவில்லை. அவள் சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "மாமா இருந்தப்ப லீவு நாள்ல ரெண்டு தடவ லைட்டு எரியும். இப்ப ஒரு தடவதான். எனக்கப்புறம் அத்தை சுவிட்சே போடறதில்ல. குளிச்சிட்டு வந்து நடுங்கிட்டு உக்காந்திருப்பாங்க. அதான் விட்டு வெச்சேன்."

உண்மைதான். எனக்கென்று இரண்டாவது முறை அந்தச் சுவிட்சைப் போட அவர் போனபின் கை வரவில்லை. அவள் குளித்ததில் வெந்நீர் தீர்ந்திருக்கும் என்று, அந்தக் குழாயைத் தொடாமலே இருந்தேன்.

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா வேணாம்பீங்க."

"அடப்பாவிகளா" என்றார் பொறுப்பாளர் அம்மாள், கையைப் பச்சைத் தண்ணீரில் காட்டியபடி. "தினமும் தண்ணியக் காய்ச்சி வெச்சு, ஆளுக்கொரு பக்கம் நடுங்கிட்டு இருந்தீங்களா? கரண்டுக்குப் பிடிச்ச கேடு!"

நான் சிரித்துவிட்டேன். என் கணவர் போனபின் முதல் தடவை. அவளும் சிரித்து, சிரிப்பு இருமலாகி, அவள் முதுகை நான் நீவிக்கொண்டிருந்தபோதுதான் அது காதில் விழுந்ததுபோல் இருந்தது. பச்சைத் தண்ணீரை மேலே ஊற்றும்போது அவர் விடும் 'ஸ்ஸ்ஸ்'. கதவுக்கு வெளியேவரை கேட்கும். காலையிலேயே கச்சேரியா என்று கேலி செய்திருக்கிறேன். ஸ்டியரிங்கில் தூக்கம் வரும் என்றதை அத்தனை வருடமும் நம்பியிருக்கிறேன்.

"என்னம்மா, கிளம்பறியா?" என்று பொறுப்பாளர் அம்மாள் அவளைக் கேட்டார்.

அவள் வாயைத் திறக்குமுன் நான் சொன்னேன். "இங்கயே இருக்கட்டுங்க. அவளுக்காக இல்ல. எனக்கு வேணும்."

அவள் என் முந்தானை நுனியைப் பிடித்துக்கொண்டாள். "பரீட்சை எங்கயும் போகாது" என்றாள்.

அந்தப் பெயரை அவருக்குப் பிறகு யாரும் சொல்லியிருக்கவில்லை. பொறுப்பாளர் அம்மாளுக்கு ஒன்றும் புரியவில்லை. இருந்து டீ குடித்துவிட்டுப் போனார்.

படிப்பு முடிந்து அவள் ஊர் திரும்பிப் பல வருடங்களாகிவிட்டன. எனக்கு நினைவிலிருப்பது மறுநாள் காலை. குளியலறைக் கதவின் அடியிலிருந்து ஆவி கசிந்து வருகிறது. தலையில் துண்டோடு வெளியே வருகிறாள். நேராகப் போய்ச் சுவிட்சைப் போடுகிறாள்.

"அத்தை, போட்டாச்சு. ஏமாத்தக் கூடாது. அணைஞ்சப்புறம்தான் போகணும்."

காலேஜுக்கு நேரமாகிறது என்றாலும் கேட்கவில்லை. பையை மாட்டிக்கொண்டு வாசற்படியில் நின்றாள். நான் தோளில் துண்டோடு முக்காலியில் உட்கார்ந்திருந்தேன். இருவரும் அந்தச் சிவப்பு விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஹீட்டருக்குள் தண்ணீர் மெல்ல முனகத் தொடங்கியது. பிறகு விளக்கு அணைந்தது.