டாக்டர் குனிந்த நேரம்

வெள்ளை அங்கி போட்ட முதுகு இடுப்பு வரை வளைந்து நிற்கிறது, இன்னும் நிமிரவில்லை, உச்சந்தலையில் நரைத்த சுழி தெரிகிறது, ஒசாகா மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சை அறைக் கதவுக்கு முன்னால் தணிகாசலம் அந்தச் சுழியையே பார்த்துக்கொண்டிருக்கிறார், உள்ளே அவருடைய ஒரே மகள் சுகந்தி, பிள்ளை பிறந்துவிட்டது, இரத்தம் நிற்கவில்லை, வெளியே வந்த டாக்டர் ஜப்பான் மொழியில் ஏதோ சொல்லிவிட்டு இப்படிக் குனிகிறார், எதற்குக் குனிகிறார், தணிகாசலத்துக்குத் தெரிந்த குனிதல் வேறு, மலேசியாவில், ஈப்போவில் வாத்தியார் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் அவர் வாங்கிச் சேர்த்த புத்தகங்கள் எல்லாவற்றிலும் அது இருந்தது, ஜப்பான்காரன் ஆண்ட காலத்தில் காவல்சாவடியில் குனிய மறந்தவனுக்குக் கன்னத்தில் அறை, தலைக்குமேல் கல்லைத் தூக்கிக்கொண்டு வெயிலில் நிற்கும் தண்டனை, சயாமுக்கு ரயில்பாதை போட லோரியில் ஏற்றிப்போன ரப்பர் தோட்டத்துத் தமிழ் ஜனம், சிவப்புப் பென்சிலால் கோடு போட்டுப் போட்டு, காட்டில் மாண்டவர்கள் எல்லாரும் அவருக்குச் சொந்தக்காரர்களாகவே ஆகிவிட்டார்கள், அதுவரை ஒரு ஜப்பான்காரனோடு ஒரு வார்த்தை பேசியதில்லை, ஆனாலும் அத்தனை பேரையும் தெரியும் என்று நினைத்தார், பாவி மனுஷன்.

பிறகு சுகந்தி, தான் கட்டிக்கொள்ளப்போகிறவன் என்று ஹிரோஷியைக் கூட்டிவந்தாள், நீங்க படிச்சதுல இவரு எந்தப் பக்கத்துலப்பா இருக்காரு, என்று கேட்டாள், கல்யாண மண்டபத்தில் ஹிரோஷியின் அம்மா அவர் முன்னால் இதே மாதிரி குனிந்து நின்றாள், அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு விறைத்து நின்றார், சபை பார்த்தது, மகளும் பார்த்தாள், அதற்கப்புறம் இரண்டு வருஷம் போன் இல்லை, நேற்று வந்த போனும் ஹிரோஷியுடையதுதான், மாமா, ஒடனே வாங்க, வந்து இறங்கும்போது அவளை உள்ளே கொண்டுபோய்விட்டார்கள், மகள் முகத்தைக்கூட அவர் பார்க்கவில்லை, இதோ ஹிரோஷியும் குனிகிறான், அவன் அம்மாவும் குனிகிறாள், மகள் செத்துப்போனாள், அதைத்தான் குனிந்து சொல்கிறார்கள், தணிகாசலம் பாய்ந்து டாக்டரின் சட்டைக் கழுத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார், கொன்னுட்டீங்களாடா, அன்னிக்கு அத்தன பேர கொன்னது பத்தலையாடா, உலுக்குகிறார், நர்சுகள் கத்துகிறார்கள், டாக்டர் அவரைத் தள்ளவில்லை, கதவையே திரும்பித் திரும்பிப் பார்க்கிறார், ஹிரோஷி தனக்குத் தெரிந்த தமிழில் அலறுகிறான், விடுங்க மாமா, சுகந்தி உயிரோட இருக்கா, கர்ப்பப்பைய எடுக்கணும், அதுக்குத்தான் மன்னிப்பு கேட்டாரு, அவரு உள்ள போகணும் மாமா, காதில் விழுந்தது, புரிந்தது, ஆனால் விரல்கள் திறக்கவில்லை, ஹிரோஷியின் அம்மா வந்து ஒவ்வொரு விரலாகப் பிரித்துவிட்டாள்.

டாக்டர் கசங்கிய சட்டைக் கழுத்தோடு உள்ளே ஓடினார், கதவு மூடிக்கொண்டது, அந்தக் கதவுக்கு முன்னால் இப்போது வளைந்திருப்பது தணிகாசலத்தின் முதுகு, யாரும் குனியச் சொல்லவில்லை, நிமிர முடியவில்லை, எவ்வளவு நேரம் மாப்பிள்ள அவர புடிச்சி வச்சிருந்தேன், என்று தரையைப் பார்த்துக் கேட்டார்.